நிலைவாசலில் யார் பெயர்?
‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலில் காதல், கபடம், குடும்பம்

எமிலி பிராண்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சுகள் உண்டு. ஒன்று வகுப்பறைப் பேச்சு. சாவையும் தாண்டிய அமரகாதல், இயற்கையின் சீற்றம், ஆன்மாக்களின் சங்கமம் என்று நோட்ஸ் கொடுத்து, 15 மார்க் கேள்வியாக்கி முடித்துவிடுவார்கள். நானும் அந்த நோட்ஸை எழுதிப் பாஸானவன்தான். இன்னொன்று, நம்ம தோழர்கள் டீக்கடையில் பேசுவது. “தெருவுல கெடந்த கறுத்த பையன். பேரு கெடையாது, ஊரு கெடையாது. அடிச்சு மிதிச்சு வேலைக்காரனா ஆக்குறாங்க. ஓடிப்போயி திரும்பி வந்து, அந்த ரெண்டு பண்ணையையும் எழுதி வாங்குறான். அவன் நம்ம ஆளுதான்யா.”

இந்த இரண்டு பேச்சுமே நாவலின் முன்பாதியோடு நின்றுவிடுகின்றன. 1939இல் வில்லியம் வைலர் எடுத்த ஹாலிவுட் படமும் அங்கேதான் நின்றது. இரண்டாம் தலைமுறையை அப்படியே வெட்டிப் போட்டுவிட்டது. நான் அந்தப் பின்பாதியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். சின்னப் பெண் ஒருத்தியின் காதலைத் தூண்டிலில் குத்தி, அதை வைத்து எஸ்டேட் ஒன்றைப் பிடிக்கிற கதை அது. ஹீத்கிளிஃபை நம்ம ஆள் என்று சொல்கிறவர்கள், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்பதுதான் என் கேள்வி.

1

நாவல் 1847 டிசம்பரில் எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் வந்தது. எழுதியவர் யார்க்ஷையரில் ஹாவர்த் என்ற ஊரின் பாதிரியார் மகள். அடுத்த டிசம்பரில், 30 வயதில், காசநோயில் செத்துப்போனார். அவர் எழுதி நமக்குக் கிடைத்த நாவல் இது ஒன்றுதான்.

கதையில் இரண்டு வீடுகள். மேட்டில் காற்று அறைகிற வுதரிங் ஹைட்ஸ், எர்ன்ஷா குடும்பத்தின் பழைய பண்ணைவீடு. அதன் நிலைவாசலுக்கு மேலே ஹேர்ட்டன் எர்ன்ஷா என்று ஒரு முன்னோரின் பெயரும், 1500 என்று வருஷமும் செதுக்கியிருக்கும். நாலு மைல் தள்ளிப் பள்ளத்தில் திரஷ்கிராஸ் கிரேஞ்ச், லிண்டன் குடும்பத்தின் மாளிகை. அங்கே ஒரு ஆண், ஒரு பெண். இங்கே ஒரு ஆண், ஒரு பெண். மேட்டு வீட்டில் ஹிண்ட்லி, கேதரின். பள்ளத்து வீட்டில் எட்கர், இசபெல்லா. சி. பி. சாங்கர் என்ற வழக்கறிஞர் 1926இல் இந்த வம்சாவளியைக் கோடு போட்டு வரைந்து, நாவலில் வரும் சொத்துச் சட்டத்தையும் ஆராய்ந்து காட்டினார். இவ்வளவு பேய், புயல், வெறி எல்லாவற்றுக்கும் அடியில் கணக்குப்பிள்ளையின் துல்லியத்தோடு பத்திரமும் உயிலும் ஓடுகின்றன என்பது அவர் படித்துக் காட்டிய பிறகுதான் தெளிவாகத் தெரிந்தது.

இந்த நாலு பேருக்கு நடுவே ஐந்தாவதாக ஒருவன் வருகிறான். பெரியவர் எர்ன்ஷா 60 மைல் நடந்து லிவர்பூல் போனவர், அங்கே தெருவில் கிடந்த பிள்ளையைக் கோட்டுக்குள் சுருட்டித் தூக்கி வருகிறார். கறுத்த பிள்ளை. அது பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. வீட்டிலிருந்தவர்கள் அதை ‘அது’ என்றே சொல்கிறார்கள். கதையைச் சொல்கிற வேலைக்காரி நெல்லியும் ‘அது’ என்றுதான் சொல்கிறாள். அந்த வீட்டில் செத்துப்போன மகனின் பெயரான ஹீத்கிளிஃப் என்பதை எடுத்து வைக்கிறார்கள். அதுவே பெயர், அதுவே குடும்பப் பெயர். எர்ன்ஷா என்ற பட்டம் அவனுக்குக் கடைசிவரை கிடையாது.

அவன் யார் என்று நாவல் சொல்வதில்லை, ஆளாளுக்கு ஊகிக்கிறார்கள். ஜிப்சி என்கிறார்கள். எட்கரின் தகப்பன் லஸ்காராக இருக்கலாம் என்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் வேலை பார்த்த ஆசிய மாலுமிகளுக்கு லஸ்கார் என்று பெயர். நம்மூரில் வாய்க்கால் மதகைத் திறந்து அடைக்கிற பொதுப்பணித் துறைக் கடைநிலை ஊழியரை இன்றைக்கும் லஸ்கர் என்கிறோம், அதே சொல்தான். லிவர்பூல் அந்தக் காலத்தில் பிரிட்டனின் பெரிய அடிமை வியாபாரத் துறைமுகம். அந்த வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807இல்தான் வந்தது. கதையோ 1802இல் முடிந்துவிடுகிறது. டெர்ரி ஈகிள்டன் 1995இல் அவனைப் பஞ்சத்தில் அடிபட்ட ஐரிஷ் பிள்ளையாகப் படிக்கலாம் என்றார். 2011இல் ஆண்ட்ரியா ஆர்னால்டு எடுத்த படத்தில் கறுப்பின நடிகரே ஹீத்கிளிஃபாக நடித்தார். எனக்கு இதில் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. பிறப்பு தெரியாதவன், நிறத்தால் அடையாளம் காணப்படுகிறவன், பட்டம் மறுக்கப்பட்டவன். இந்த மூன்றும் எங்கே ஒன்றாகச் சேருகின்றனவோ அங்கே என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாதா?

பெரியவர் செத்ததும் ஹிண்ட்லி எஜமானாகிறான். அவன் முதலில் செய்கிற காரியத்தைக் கவனிக்க வேண்டும். பாதிரியாரிடம் ஹீத்கிளிஃப் படிக்கிற படிப்பை நிறுத்துகிறான். வீட்டாரோடு உட்காரக் கூடாது, வேலைக்காரர்களோடு இரு என்கிறான். வயலுக்கு அனுப்புகிறான். கேதரின் தான் படித்ததை ஹீத்கிளிஃபுக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்க்கிறாள். கொஞ்ச நாளில் அவனே விட்டுவிடுகிறான். உடம்பு அசந்து வீடு திரும்புகிறவனுக்குப் புத்தகம் எட்டாமல் போகிறது.

பிறகு அவள் எட்கர் லிண்டனுக்குச் சம்மதம் சொல்கிறாள். ஹீத்கிளிஃபைக் கட்டினால் தான் தாழ்ந்துபோவோம் என்று நெல்லியிடம் சொல்கிறாள். அவன்தான் தன் உயிர், எட்கரின் பணத்தை வைத்து அவனைத் தூக்கிவிடுவேன் என்றும் சொல்கிறாள். பின்னால் பெஞ்சில் இருந்த ஹீத்கிளிஃப் முதல் வாக்கியத்தோடு எழுந்து போய்விடுகிறான். இரண்டாவது அவன் காதில் விழவில்லை. நெல்லி அவன் போனதைப் பார்த்தாள், உடனே சொல்லவில்லை.

காதலித்தவளின் வாயாலேயே ‘தாழ்வு’ என்ற வார்த்தையைக் கேட்ட அந்த இரவு வரைக்கும் ஹீத்கிளிஃப் நம்ம ஆள்தான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

2

மூன்று வருஷம் கழித்துப் பணத்தோடும் நடைஉடையோடும் திரும்பி வருகிறான். அந்தப் பணம் எப்படி வந்தது என்று நாவல் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் வந்தவன் கையில் எடுக்கிற ஆயுதங்கள் எல்லாம் அந்த இரண்டு வீடுகளின் ஆயுதங்கள். குடிகாரன் ஹிண்ட்லியைச் சீட்டாட வைத்து, நிலம் முழுவதையும் அடமானத்தில் பிடிக்கிறான். இசபெல்லா அவன்மேல் கொண்ட மயக்கத்தைப் பயன்படுத்தி அவளைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறான். அவளுடைய சொத்துரிமைமீதுதான் அவனுக்குக் கண். ஹிண்ட்லி செத்ததும் அவன் மகன் ஹேர்ட்டனைச் சம்பளம் இல்லாத வேலைக்காரனாக வளர்க்கிறான். எழுத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஹிண்ட்லி தனக்குச் செய்ததையே அவன் பிள்ளைக்குச் செய்து பார்க்கிறேன் என்று வெளிப்படையாகவே சொல்கிறான். தன் சொந்த வீட்டு வாசலில் செதுக்கியிருக்கிற தன் பெயரை, தலைநிமிர்ந்து பார்த்தும் படிக்கத் தெரியாதவனாக அந்தப் பையன் வளர்கிறான்.

கேதரின் ஒரு பெண் குழந்தையைப் பெற்றுப்போட்டுச் சாகிறாள். அந்தக் குழந்தைக்கும் கேதரின் என்றே பெயர். நாம் கேத்தி என்போம். இசபெல்லா புருஷன் கொடுமை தாங்காமல் தெற்கே ஓடிப்போய் ஒரு மகனைப் பெறுகிறாள். அவனுக்குத் தன் பிறந்த வீட்டுப் பெயரையே வைக்கிறாள், லிண்டன் ஹீத்கிளிஃப். பெயர்களைப் பாருங்கள். இந்த வீடுகளில் புதுப்பெயர் வைப்பதே இல்லை. செத்தவர் பெயர், பாட்டன் பெயர், வீட்டின் பெயர் என்று சுற்றிச் சுற்றி வருகின்றன.

ஆங்கிலத்தில் கேத்திக்கு லிண்டனும் கசின்தான், ஹேர்ட்டனும் கசின்தான். நம்ம உறவுமுறையில் வைத்துப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். லிண்டன் அவளுக்கு அத்தை மகன். ஹேர்ட்டன் அவளுக்குத் தாய்மாமன் மகன். இரண்டு பேருமே முறைமாப்பிள்ளை! ஒருத்தன் வெள்ளை வெளேரென்று, படித்தவனாக, தலையணைமேல் சாய்ந்து கிடக்கிறவன். இன்னொருத்தன் சாணியும் சகதியுமாக வயலிலிருந்து வருகிறவன். 13 வயதில் முதல்முறை மேட்டு வீட்டுக்குப் போகும்போது, கேத்தி ஹேர்ட்டனை வேலைக்காரன் என்று நினைத்துக் குதிரையைக் கொண்டுவரச் சொல்கிறாள். இவன் உனக்கு மாமன் மகன் என்று வீட்டுக்காரி சொன்னதும் அவளால் தாங்க முடியவில்லை, அழுகிறாள். கல்லாதவனைப் பார்த்துக் கூசுகிற அந்தக் கூச்சத்தை அவளுக்குத் தனியாக யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. அம்மாவிடம் இருந்த அதே கூச்சம். ஆனால் இது ரத்தத்தில் வருவதல்ல. கிரேஞ்ச் என்ற வீடு, அதன் நூலகம், அதன் தோட்டச்சுவர், இவை வளர்த்த கூச்சம்.

3

இப்போது காதலுக்கு வருவோம். கேத்திக்கு 16 வயது. பிறந்தநாள் அன்று வெளியே போனவளை ஹீத்கிளிஃப் பேசிப் பேசித் தன் வீட்டுக்கு அழைத்துப் போய் லிண்டனைக் காட்டுகிறான். போகும் வழியிலேயே நெல்லியிடம் தன் திட்டத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறான்: ரெண்டும் காதலிக்கணும், கல்யாணம் பண்ணணும். ஏனென்றால் எட்கருக்கு ஆண்வாரிசு இல்லை. கிழவர் லிண்டன் எழுதிய உயில்படி நிலம் மகன் பெற்ற மகளுக்குப் போகாமல், மகள் பெற்ற மகனுக்குப் போகும். பேத்தியை வெட்டிவிட்டது ஹீத்கிளிஃப் அல்ல, அவளுடைய சொந்தத் தாத்தா. இதை மறந்துவிடக் கூடாது. ஹீத்கிளிஃப் அந்த ஓட்டைக்குள் கைவிட்டான், அவ்வளவுதான்.

அப்பா போகக்கூடாது என்றதும் கேத்தி ரகசியமாகக் கடிதம் எழுதுகிறாள். பால் வாங்கவரும் பையன்தான் தபால்காரன். நூலகத்து மேஜை அறையில் கட்டுக்கட்டாகக் கடிதங்கள். நெல்லி கள்ளச்சாவி போட்டுத் திறந்து படிக்கிறாள். லிண்டனின் கடிதங்களில் பச்சைப் பிள்ளைத்தனமான உளறலுக்கு நடுவே, வயசுக்கு மீறிய அனுபவசாலியின் வார்த்தைகள் அங்கங்கே தட்டுப்படுகின்றன. மகனுடைய காதல் கடிதத்தில் அப்பனின் கை! இதைவிடக் கேவலமான கபடம் என்ன இருக்கிறது? அந்தப் பெண் தனக்குப் பிரியமானவன் எழுதினான் என்று நெஞ்சில் வைத்துக்கொண்ட வாக்கியங்களில் பாதி, அவள் நிலத்தை விழுங்க நினைத்தவன் சொல்லிக் கொடுத்தது.

நெல்லி கடிதங்களை அடுப்பில் போட்டு எரிக்கிறாள். தகப்பனிடம் சொல்லவில்லை. காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு இவளும் மறைக்கிறாள். கொஞ்ச மாதம் கழித்து, நீ எழுதாததால் என் மகன் ஏங்கிச் சாகிறான் என்று ஹீத்கிளிஃப் சுவருக்கு வெளியே நின்று கேத்தியிடம் சொல்கிறான். அவன் சாகிறது நிஜம், ஏங்கிச் சாகிறது பொய். பாதி உண்மையைக் கலந்தால்தான் பொய் செரிக்கும். அந்தப் பெண் இரக்கத்தில் விழுகிறாள். குதிரைக்காரனுக்குப் புத்தகங்களை லஞ்சமாகக் கொடுத்து, ராத்திரி ராத்திரியாகக் குதிரையேறிப் போய் நோயாளிப் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

பிறகு நடப்பது காதிக் நாவல்களின் பழைய காட்சி: கதவு பூட்டிய வீடு, சிறைப்பட்ட பெண், கொடுங்கோலன். கேத்தியையும் நெல்லியையும் உள்ளே வைத்துப் பூட்டுகிறான். சாவியைப் பிடுங்க வந்த கேத்தியை மாறிமாறி அறைகிறான். அங்கே தகப்பன் சாகக்கிடக்கிறார், இங்கே கல்யாணம் முடித்தால்தான் வெளியே போகலாம். லிண்டன் தான் தப்பித்தால் போதும் என்று நடுங்கிக்கொண்டு அவளை உள்ளே இழுத்துவிட்டவன். கல்யாணம் நடக்கிறது. எட்கர் உயிலை மாற்றி மகளின் பணத்தைத் தர்மகர்த்தாக்கள் பொறுப்பில் விட ஆள் அனுப்புகிறார். வக்கீல் வரவில்லை. ஹீத்கிளிஃப் அவரை முன்னமே விலைக்கு வாங்கிவிட்டான். எட்கர் செத்த பிறகுதான் வக்கீல் வந்து சேருகிறார்.

அந்தக் கால ஆங்கிலச் சட்டப்படி, கட்டிக்கொண்ட பெண்ணின் அசையும் சொத்து முழுதும் புருஷனுக்கு. இதை மாற்றும் சட்டங்கள் 1870இலும் 1882இலும்தான் வந்தன. புருஷனோ சாகக்கிடக்கிற விடலைப் பையன். மிரட்டியும் நயந்தும் அவனிடமே உயில் எழுதி வாங்கி, அவளுடையதையும் அவனுடையதையும் அப்பன் தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறான். நிலத்துக்கும் தனியாக உரிமை கொண்டாடுகிறான். மகனுக்கு வைத்தியரைக் கூட்டிவரக்கூட மறுக்கிறான். கையெழுத்துப் போட்டாச்சு, இனி அவன் உயிர் காலணா பெறாது என்பதுதான் அவன் கணக்கு.

இங்கேதான் நம்ம தோழர்களிடம் எனக்கு வழக்கு. அடிபட்டவன் திருப்பி அடிக்கிறான் என்கிறீர்கள். யாரை அடிக்கிறான்? ஹிண்ட்லியை அடித்தான், சரி. எட்கரிடம் வட்டியோடு வாங்கினான், சரி. இசபெல்லாவை ஏன் அடித்தான்? கேத்தி அவனுக்கு என்ன செய்தாள்? தான் பெற்ற நோஞ்சான் பிள்ளை என்ன செய்தது? மேலே இருந்தவன் செய்த அத்தனையையும், கீழே போனவர்கள்மேல், அதிலும் பெண்கள்மேலும் பிள்ளைகள்மேலும் இறக்குகிறான். பண்ணையாரை ஒழிக்க வந்தவன் பண்ணையாராகவே ஆகிவிடுகிறான். இதைக் கலகம் என்று சொன்னால், கலகம் என்ற சொல்லுக்கு நாளைக்கு நம்மிடம் என்ன அர்த்தம் மிஞ்சும்?

4

சுழல் எங்கே அறுகிறது? லிண்டன் செத்த பிறகு, எல்லாம் இழந்த கேத்தி அந்த வீட்டுச் சமையலறையில் கிடக்கிறாள். ஹேர்ட்டனும் அங்கேதான். முன்பு ஒருநாள் ஹேர்ட்டன் தட்டுத்தடுமாறி வாசலில் இருக்கிற தன் பெயரைப் படித்துக் காட்டினான். அப்படியானால் அந்த எண்களையும் படி என்றாள் கேத்தி. தெரியாது என்றான். சிரித்தாள். பிறகும் அவன் அவளுடைய புத்தகங்களை எடுத்து ஒளித்துவைத்துப் படிக்க முயல்கிறான். மறுபடியும் ஏளனம் செய்கிறாள். அவன் புத்தகங்களைத் தீயில் எறிகிறான். எழுத்து தெரிந்தவரின் சிரிப்பு எப்படிச் சுடும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் முதல் தலைமுறையாக நுழைந்த எவரிடமும் விளக்க வேண்டியதில்லை.

பிறகு அவளே ஒரு புத்தகத்தை வெள்ளைத்தாளில் சுற்றி, அவன் பெயரை எழுதி நீட்டுகிறாள். சொல்லிக் கொடுக்கிறேன், இனிச் சிரிக்கமாட்டேன் என்கிறாள். அம்மா கேதரின் ஹீத்கிளிஃபுக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதே வேலைதான். அது பாதியில் அறுந்தது, இது நிலைக்கிறது. ஏன்? அம்மாவுக்குப் போய்ச் சேர ஒரு கிரேஞ்ச் இருந்தது. மகளுக்கு அது பறிபோய்விட்டது. சொத்து இல்லாத இரண்டு பேர், மேல்கீழ் பார்க்க இடமில்லாத சமையலறையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டுகிறார்கள். இந்த நாவலில் கபடம் கலக்காத காதல் இது ஒன்றுதான். அதில் பெண் தன் சிரிப்பை விட்டுக்கொடுத்தாள், பையன் தன் ரோஷத்தை விட்டுக்கொடுத்தான்.

ஆனால் அமரகாதல் பேராசிரியர்களைப் போல நான் இங்கே கைதட்டிவிட்டுப் போக முடியாது.

காதிக் நாவல் என்ற வகையே ஹொரேஸ் வால்போலின் ‘ஒட்ராண்டோ கோட்டை’யிலிருந்து, 1764இலிருந்து, ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கோட்டையை ஒருத்தன் அபகரித்துக்கொள்வான், பேய் வந்து மிரட்டும், கடைசியில் உண்மையான வாரிசுக்குக் கோட்டை திரும்பும். அந்தப் பேய்கள் எல்லாம் பட்டாவுக்குக் காவல் நிற்கிற பேய்கள். எமிலியின் நாவலும் அந்தத் தடத்தில்தான் போய் முடிகிறது. ஹீத்கிளிஃப் செத்ததும் பழைய வேலைக்காரன் ஜோசப் மண்டியிட்டு, பூர்வீக வம்சத்துக்கே வீடு திரும்பியதென்று கடவுளுக்கு நன்றி சொல்கிறான். ஜோசப் முரட்டு யார்க்ஷையர்ப் பேச்சுக்காரன். 1850இல் மறுபதிப்புப் போட்ட அக்காள் சார்லட், வெளியூர்க்காரருக்குப் புரியவேண்டும் என்று அவன் பேச்சை மழித்துத் திருத்தினார். வட்டாரப் பேச்சு பேசுகிறவன் என்பதாலேயே ஒருவன் நம்ம பக்கம் ஆகிவிடுவதில்லை, பார்த்தீர்களா?

வாசலில் ஹேர்ட்டன் எர்ன்ஷா என்று 1500இல் செதுக்கிய பெயருக்கு ஆள் வந்துவிட்டான். 1803 புத்தாண்டு நாளில் கல்யாணம், மாமன் மகனோடு. சாதி என்பது அகமணத்தால் காக்கப்படுகிற வேலி என்று 1916இல் கொலம்பியாவில் படித்த கட்டுரையில் அம்பேத்கர் சொன்னார். யார்க்ஷையரில் சாதி இல்லைதான். ஆனாலும் இந்த முடிவைப் பார்க்கும்போது அவர் சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. வெளியிலிருந்து வந்தவன் செத்தான். அவன் ரத்தத்தில் பிறந்த ஒரே பிள்ளையும் செத்தது. இரண்டு வீட்டுச் சொத்தும் இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. வந்தவன் தடமே இல்லை. அவன் கல்லறைக் கல்லில் ஹீத்கிளிஃப் என்ற ஒற்றைப் பெயரும் செத்த தேதியும்தான். வயசு தெரியாது, பட்டம் கிடையாது.

அவன் சாவுக்கு அழுதது ஒரே ஒருத்தன், ஹேர்ட்டன். எந்தப் பையனை எழுத்தறியாதவனாக ஆக்கினானோ அவன்தான் பிணத்துக்குப் பக்கத்தில் ராமுழுக்க உட்கார்ந்து அழுகிறான். ஹீத்கிளிஃபும் கடைசி நாட்களில், இரண்டு வீட்டையும் தரைமட்டமாக்கக் கையில் எல்லாம் இருந்தும், கையைத் தூக்க முடியாமல் போகிறான். அந்தப் பையனில் தன்னையே பார்த்துவிடுகிறான். எமிலி அவனைத் தீர்ப்புக் கூண்டில் நிறுத்திவிட்டு நகர்ந்துவிடவில்லை என்பதற்கு இது சாட்சி. அவன் செய்ததை மன்னிக்கவும் இல்லை, அவனை ஆக்கியவர்களைத் தப்பவிடவும் இல்லை.

5

கடைசியாக ஒன்று. இந்தக் கதை முழுவதையும் நமக்குச் சொல்கிறவள் நெல்லி. கேட்டு எழுதிக்கொள்கிறவன் லாக்வுட் என்ற குடக்கூலிக்கு வந்த கனவான். நெல்லி உழைக்கிறவள்தான், சம்பளக்காரிதான். ஆனாலும் வீட்டின் சாவிக்கொத்து அவள் இடுப்பில் இருக்கிறது. அவன் கேட்டுக்கொண்டிருந்ததைச் சொல்லாமல் விட்டது, கடிதங்களை எரித்தது, எட்கரிடம் மறைத்தது என்று அந்த வீட்டு வஞ்சகத்தில் அவளுக்கும் பங்கு உண்டு. ஹீத்கிளிஃப் என்ற ‘அது’வைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் சாவிக்காரி சொல்லி, கனவான் எழுதியது. லிவர்பூல் தெருவில் அந்தப் பிள்ளை பேசிய, யாருக்கும் விளங்காத மொழி என்ன? காணாமல்போன மூன்று வருஷம் அவன் எங்கே இருந்தான்? அவனைப் பெற்றவள் யார்?

இந்தக் கேள்விகளை எழுத்தாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். கரீபியனைச் சேர்ந்த மரீஸ் கோண்டே 1995இல் இந்தக் கதையைத் தன் மண்ணுக்கு, குவாடலூப் தீவுக்குக் கொண்டுபோய் மறுபடி எழுதினார். கேரில் பிலிப்ஸ் 2015இல் ‘தொலைந்த குழந்தை’ என்ற நாவலில் அந்தத் தாயை, லிவர்பூல் துறைமுகத்தில் பசியில் கிடக்கிற, முன்பு அடிமையாக இருந்த பெண்ணாகக் கற்பனை செய்தார். இந்த இரண்டு பேரும் ஹீத்கிளிஃபைக் கும்பிடவும் இல்லை, தூற்றவும் இல்லை. நெல்லி விட்டுவிட்ட இடத்தில் புகுந்து எழுதினார்கள்.

படிக்கிற மாணவர்களுக்கும் எழுதுகிற தோழர்களுக்கும் நான் சொல்வது இதுதான். பரீட்சைக்கான முன்பாதியோடு நிறுத்தாதீர்கள். பின்பாதியையும் படியுங்கள். அங்கே பூட்டிய அறைக்குள் ஒரு பெண் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். பூட்டியவன், ஒரு காலத்தில் படிப்பு மறுக்கப்பட்டு லாயத்துக்கு விரட்டப்பட்ட சிறுவன். இரண்டு பேரையும் ஒரே சமயத்தில் பார்க்கத் தெரியாத விமர்சனம் நமக்கு வேண்டாம்.